‘காரல்’ என்று தேடினாலும் கிடைக்க வேண்டும்: இராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு திறந்த மீன்வள மின்னூலகம்

தொண்டிப் பக்கத்தில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக நடந்த மீன்வள ஆய்வுகளை, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி ஒரு மின்னூலகமாகத் தொகுக்க நீங்களும் உங்கள் மாணவர்களும் விரும்புகிறீர்கள். அதற்கு எந்த மென்பொருள் ஏற்றது, பதிப்புரிமையை எப்படிக் கையாள்வது, அதை உண்மையில் யார் படிப்பார்கள் என்பவை உங்கள் கேள்விகள். மீன்வள ஆய்வு நூலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், கேள்விகளின் வரிசையைச் சற்று மாற்றிக்கொண்டு பதில் சொல்கிறேன். மென்பொருள் இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. ஒவ்வோர் ஆவணத்தையும் என்ன பெயர்களால், எந்த விவரங்களோடு பட்டியலில் பதிகிறோம் என்பதில்தான் இந்த நூலகம் நிற்கும் அல்லது விழும். இலட்சம் பக்கங்களை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டாலும், பாம்பனிலோ மூக்கையூரிலோ இருக்கும் ஒருவர் தம் சொல்லைத் தட்டித் தேடும்போது ஒன்றும் கிடைக்காவிட்டால், அந்தப் பக்கங்கள் அவருக்கு இல்லாதவையே.

முதலில், ஏற்கெனவே இருப்பதைக் கணக்கெடுத்துக்கொள்ளுங்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் மாவட்டத்து மண்டபம் ஊரின் முகாமில்தான் இருந்தது. ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகிறவர்களைத் தங்கவைத்து நோய்ப் பரிசோதனை செய்த முகாம் அது. இந்திய மீன்வள ஆய்விதழ் 1954-இல் தொடங்கியது. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் 1958-இல் மண்டபம் முகாமில் உருவாகி, மறு ஆண்டே தன் ஆய்விதழை வெளியிட்டது. சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி ஆகியவை அடங்கிய மீன் தொகுதியைப் பற்றிய பெரிய கருத்தரங்கு 1962 ஜனவரியில் இங்கே நடந்தது. 1969-இல் மண்டபம் முகாமில் கூடிய பவளப்பாறைக் கருத்தரங்கைத்தான், இன்று உலக அளவில் நடந்துவரும் பன்னாட்டுப் பவளப்பாறைக் கருத்தரங்குகளின் வரிசையில் முதலாவதாக எண்ணுகிறார்கள். இந்த ஊரின் பெயர் அறிவியல் உலகில் பதிந்திருக்கும் ஆழம் நம் மாவட்டத்து மாணவர்களுக்கே தெரியாமல் இருக்கிறதே என்று எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு.

இவற்றில் பெரும்பகுதி இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-இலேயே தன் திறந்த களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டது. அதன் ஆய்வுக் கட்டுரைகளும், சிறப்பு வெளியீடுகளும், 1978 முதல் வரும் கடல் மீன்வளத் தகவல் இதழும் அங்கே உள்ளன. கரையொதுங்கிய திமிங்கிலம், வலையில் சிக்கிய அம்மணி உழுவை (திமிங்கிலச் சுறா), வழக்கத்துக்கு மாறாக ஒரு நாள் குவிந்த மீன்பாடு (பிடிபட்ட மீன்) ஆகியவற்றைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்புகள் அந்தத் தகவல் இதழில் ஏராளம். அவை இந்தக் கரையின் நாட்குறிப்பு போன்றவை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் தன் திறந்த அணுகல் கொள்கையை அறிவித்தது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. கடல், மீன்வள நூலகங்களின் பன்னாட்டு ஒத்துழைப்பில் இயங்கும் அக்வாடாக்ஸ், பழைய உயிரியல் நூல்களுக்கான பல்லுயிர்ப் பாரம்பரிய நூலகம், சென்னையிலிருந்து இயங்கும் மீன்பிடித் தொழிலாளர் ஆதரவுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஆவண மையம் எனப் பல உண்டு. இவற்றிலிருந்து கோப்புகளை இறக்கி உங்கள் தளத்தில் மறுபடி ஏற்றுவது வீண் உழைப்பு, பல இடங்களில் உரிமை மீறலும்கூட. அவற்றுக்கு இணைப்பு மட்டும் கொடுத்து, உங்கள் பட்டியலில் ஒரு பதிவாக மட்டும் சேருங்கள். களஞ்சியங்கள் தமக்குள் பட்டியல் விவரங்களைப் பரிமாறிக்கொள்வதற்கென்றே 2001 முதல் ஒரு பொது நெறிமுறை நடப்பில் இருக்கிறது. அதன் வழியே விவரங்களை மொத்தமாகப் பெறலாம், ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

உங்கள் உழைப்பு போக வேண்டிய இடம் வேறு. எங்கும் அச்சேறாதவை, அச்சேறினாலும் நூறு படிகளுக்கு மேல் போகாதவை, தட்டச்சிலும் சைக்ளோஸ்டைலிலும் முடிந்துபோனவை எவையோ, அவைதான் நீங்கள் தேட வேண்டியவை. முதுகலை மாணவர்கள் மூன்று மாதம் மீன் இறங்குதளத்தில் நின்று எழுதிய திட்டக் கட்டுரைகள், தொண்டு நிறுவனங்கள் நிதி வழங்கியவர்களுக்கு அனுப்பிய அறிக்கைகள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டறிக்கைகள், பெரிய திட்டங்களுக்காகத் தயாரித்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுகள், கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மீனவர் அமைப்புகள் கொடுத்த மனுக்கள், ஏலக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் வைத்திருந்த பழைய கணக்கு நோட்டுகள் ஆகியவை இந்த வகை. சேதுசமுத்திரத் திட்டம் 2005-இல் தொடங்கிய காலத்தில் இந்தக் கரையில் எத்தனை அறிக்கைகள், மறுப்புகள், துண்டறிக்கைகள் கைமாறின என்பதை நேரில் பார்த்தவர்கள் அறிவார்கள். அவற்றை இன்று ஓரிடத்தில் வைத்துப் படிக்க முடியாது. ஒருமுறை, ஓர் அலுவலகம் இடம் மாறியபோது வராந்தாவில் கட்டுக்கட்டாகக் கிடந்த மீன்பாட்டுப் பதிவேடுகளை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டுவிட்டு மறுவாரம் போனேன். எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். யாரும் தீய நோக்கத்தோடு செய்ததில்லை. அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு வரிப் பட்டியல்கூட அங்கே இல்லாததுதான் காரணம். உப்புக்காற்றும் கரையானும் உள்ள ஊரில் தாளுக்கு ஆயுள் குறைவு. ஆகவே அச்சான நூல்களைவிட இவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நான் நின்று பேச விரும்புவது இதைத்தான்.

சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் தலைமுறைகளாகச் சங்கு குளித்தவர்கள் இருக்கிறார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சென்னை மீன்வளத் துறை வெளியீடாக இந்தியச் சங்கைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அதில் சங்கின் பேரினப் பெயர் டர்பினெல்லா. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த கட்டுரைகள் அதே உயிரியைச் சாங்கஸ் பைரம் என்று குறித்தன. இன்று மறுபடியும் டர்பினெல்லா பைரம் என்பதே ஏற்கப்பட்ட பெயர். முத்துச்சிப்பியின் கதை இன்னும் நீளமானது. நூறாண்டுக்கு முந்தைய அறிக்கைகளில் அது மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ், பின்னர் பிங்டாடா வல்காரிஸ், அதன்பின் பிங்டாடா ஃபுகேட்டா. ஒரே ஒரு பெயரை மட்டும் தட்டித் தேடுகிற மாணவருக்கு ஒரு முப்பது ஆண்டுக் கால ஆய்வுகள் மட்டும் கிடைக்கும். மற்றவை இருந்தும் இல்லாதவை ஆகிவிடும். சங்கு, முத்துச்சிப்பி என்று தமிழில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது.

காரலைப் பாருங்கள். பாக் விரிகுடாவின் இழுவை மடிகளில் (இழுவை வலைகளில்) ஏராளமாக ஏறும் சிறிய வெள்ளி நிற மீன் இது. கருவாடாகவும், கோழித் தீவன ஆலைக்கும், வீட்டுக் குழம்புக்கும் போகிறது. ஃபிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் காரல்கள் ஈக்வுலா என்ற பேரினத்தில் இருக்கின்றன. மண்டபத்தில் எழுதப்பட்ட கட்டுரைகளில் அவை பெரும்பாலும் லியோக்னாத்தஸ். அண்மைக் காலத்தில் அந்தப் பேரினத்தையே பலவாகப் பிரித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் சில்வர்பெல்லி என்றும் போனிஃபிஷ் என்றும் இரண்டு பொதுப்பெயர்கள் வேறு. இத்தனைக்கும் மேலே, கரையில் அது காரல்தான், அன்றும் இன்றும். அறிவியல் பெயர் மாறி மாறி வந்த இடத்தில் ஊர்ப்பெயர் மாறாமல் நிற்கிறது. பட்டியல் தயாரிப்பவருக்கு இதைவிட உறுதியான பிடிமானம் வேறு எது?

ஆனால் ஊர்ப்பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. அது காலத்துக்குக் காலம் மாறாவிட்டாலும் கரைக்குக் கரை மாறும். சென்னையில் வஞ்சிரம் எனப்படுவது தெற்கே வந்தால் சீலா, மாவுலாசி, குமரிப் பக்கம் நெய்மீன். அதே ‘சீலா’ என்ற சொல்லை வேறு சில கரைகளில் முற்றிலும் வேறொரு மீனுக்கு, நீண்ட தாடையும் கூரிய பல்லும் கொண்ட ஊழி வகைக்குச் சொல்கிறார்கள். எனவே ‘சீலா’ என்று மட்டும் பதிந்தால் போதாது. எந்த ஊரில், எந்த மீனுக்கு அந்தப் பெயர் என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும். நான் செய்துபார்த்து நல்ல பலன் கண்ட முறை இது: ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பெயர்த் தாள். அதில் இன்று ஏற்கப்பட்ட அறிவியல் பெயர் (உலகக் கடலுயிரிப் பெயர்ப் பதிவேட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நிலையான எண் உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்), பழைய அறிவியல் பெயர்கள், ஆங்கிலப் பொதுப்பெயர்கள், ஊர் குறித்த தமிழ்ப் பெயர்கள் ஆகிய நான்கும் இருக்கும். ஆவணத்தைப் பதியும்போது, ஆவணத்தில் அச்சிட்டுள்ள பெயரை உள்ளபடியே எழுதி, பெயர்த் தாளோடு இணைத்துவிட்டால் போதும். தேடுபவர் நான்கில் எதைத் தட்டினாலும் எல்லா ஆவணமும் வந்து சேரும். ஆவணத்தின் பெயரை மட்டும் ‘திருத்தி’ எழுதிவிடாதீர்கள். அன்றைக்கு ஆய்வாளர் எந்த இனத்தைக் கையில் வைத்திருந்தார் என்பதில் பின்னாளில் ஐயம் எழுந்தால், அவர் எழுதிய பெயரே சான்று.

மீனுக்கு மட்டுமில்லை, பாசிக்கும் இது பொருந்தும். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் தீவுகளைச் சுற்றி எடுத்துவந்த பாசிகளை மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பிரிக்கிறார்கள். ஆய்வுகளில் அவை முறையே ஜெலிடியெல்லா, கிரேசிலேரியா, சர்காஸம். எந்தப் பாசி எந்த மாதத்தில் முற்றும், எத்தனை நாள் விட்டு எடுத்தால் மறுபடி வளரும் என்பது பற்றி அரசு நிறுவனங்கள் 1970-களிலிருந்தே ஆராய்ந்து எழுதியிருக்கின்றன. அந்தப் பெண்களின் வேலையைப் பற்றியே எழுதியவை அவை. அவர்களுக்குத் தெரிந்த சொல்லில் அவை கிடைப்பதுதான் நியாயம்.

இடப்பெயரிலும் காலப்பெயரிலும் இதே கவனம் தேவை. குருசடைத் தீவைப் பழைய ஆங்கில எழுத்துகளில் மூன்று, நான்கு விதமாகக் காணலாம். சென்னை அருங்காட்சியகம் 1927-இல் அத்தீவின் கரையோர உயிரிகளைப் பற்றி வெளியிட்ட தொகுதி ஒரு எழுத்துக்கூட்டல், இன்றைய வனத்துறை வரைபடம் வேறொன்று. இதைவிட முக்கியமான குழப்பம் ஒன்று உண்டு. ‘மண்டபம்’ என்று மட்டும் எழுதப்பட்ட மீன்பாட்டு விவரம் எந்தக் கடலுடையது? வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நம் மக்கள் வடகடல், தென்கடல் என்றும், அமைதியும் சீற்றமும் நோக்கிப் பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல். அதற்கேற்ப மண்டபத்துப் படகுகள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறுவது வழக்கம். எனவே ஜனவரி மாதப் பாடும் ஜூலை மாதப் பாடும் ஒரே ஊர்ப் பெயரில் இருந்தாலும் இரு வேறு கடல்களின் கணக்காக இருக்கக்கூடும். கட்டுரையைப் படித்து, கடல் எது, காற்றுக்காலம் எது என்பதைப் பட்டியலிலேயே குறித்துவிட்டால், பின்னால் வரும் ஆய்வாளர் ஒருவரை ஒரு பெரிய பிழையிலிருந்து காப்பாற்றியதாகும். இதை ஒரு பொறியால் செய்ய முடியாது. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த உங்கள் மாணவர்களால் முடியும்.

நூலகத் துறையில் இத்தகைய விவரங்களை விவரத்தரவு, அதாவது மெட்டாடேட்டா என்கிறோம். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, மொழி, உரிமை முதலிய பதினைந்து அடிப்படைக் கூறுகளைக் கொண்ட டப்ளின் கோர் என்ற பொது வரைமுறை 1995-ஆம் ஆண்டுப் பட்டறை ஒன்றிலிருந்து வளர்ந்தது. அதைக் கட்டாயம் பின்பற்றுங்கள், அப்போதுதான் பிற களஞ்சியங்களோடு உங்கள் பட்டியல் பேசும். பொருட்சொற்களுக்கு உலக உணவு வேளாண் அமைப்பின் சொற்களஞ்சியம் இருக்கிறது. அதற்கு மேல், நம் கரைக்கென்று ஐந்து கூறுகளைச் சேர்க்கச் சொல்வேன்: ஊர்ப்பெயர், கடல், காற்றுக்காலம், மீன்பிடிக் கருவி (இழுவை மடி, கரைவலை, செவுள் வலை, கூடு, தூண்டில் என வழக்குச் சொல்லில்), ஐந்தாவதாக ஐந்தாறு வரிகளில் ஒரு தமிழ்ச் சுருக்கம். ஆங்கிலக் கட்டுரை முழுவதையும் மொழிபெயர்க்க யாராலும் முடியாது. ஆனால் எங்கே, எப்போது, எதை அளந்தார்கள், என்ன கண்டார்கள் என்பதை ஆறு வரியில் எளிய தமிழில் எழுத ஒரு மாணவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். வாரம் பத்துப் பேர் எழுதினால் ஓராண்டில் ஐந்நூறு கட்டுரைகள் தமிழுக்கு வாசல் திறந்துவிடும்.

ஸ்கேன் செய்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுத்துப் பக்கங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள், வரைபடங்களுக்கும் படங்களுக்கும் 600 என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. மூலப் படிமத்தை டிஃப் கோப்பாகத் தனியே பாதுகாத்து, படிப்பதற்கு நீண்டகாலப் பாதுகாப்புக்கென வரையறுத்த பிடிஎஃப் வடிவத்தைக் கொடுங்கள். இருநூறு பக்கத் தொகுதியை ஒரே கோப்பாக ஏற்றாமல் கட்டுரை வாரியாகப் பிரியுங்கள். படிப்பவர்களில் பலர் கைப்பேசியில், படகுத்துறையில் கிடைக்கும் சிக்னலில்தான் இறக்குவார்கள். படிமத்திலுள்ள எழுத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் ஆங்கிலத்துக்கு நன்றாகவே வேலை செய்கிறது. டெசராக்ட் போன்ற கட்டற்ற எழுத்துணரிகள் தமிழையும் படிக்கின்றன, ஆனால் மங்கிய சைக்ளோஸ்டைல் பக்கத்தில் தடுமாறும். ஆகவே மனிதக் கண் பார்த்துத் திருத்த வேண்டும். தமிழ்க் கோப்புகளில் இன்னொரு தொல்லை உண்டு. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்கும் முன் கணினியில் தட்டச்சான அறிக்கைகள் பாமினி, வானவில் போன்ற குறியாக்கங்களில் இருக்கும். அவற்றை அப்படியே ஏற்றினால் தேடலில் ஒரு சொல்லும் சிக்காது. யூனிகோடுக்கு மாற்றிய பின்பே ஏற்றுங்கள்.

பதிப்புரிமை பலரையும் தேவைக்கு மேல் அச்சுறுத்துகிறது, சிலரைத் தேவையான அளவுகூட அச்சுறுத்துவதில்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அரசு வெளியீடுகளுக்கு வெளிவந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். ஆக, 1964 வரை வெளிவந்த அரசு அறிக்கைகள் இன்று பொதுவுடைமை, அதாவது எவரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். ஹார்னெலின் சங்கு நூலும், 1922-இல் அவர் எழுதிய முத்துக்குளிப்பு அறிக்கையும், சென்னை மீன்வளத் துறையின் பழைய வெளியீடுகளும் தயங்காமல் ஏற்றத்தக்கவை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1967-இல் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. அதற்குப் பிந்தைய வெளியீடுகளுக்கு நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேட்பதே முறை. மாணவர் எழுதிய ஆய்வேடு மாணவருடையது. கல்லூரி அலமாரியில் இருப்பதாலேயே கல்லூரிக்குச் சொந்தமாகிவிடாது. ஒரு பக்க அனுமதிக் கடிதம் தயாரித்து, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (பிறர் பயன்படுத்த ஆசிரியர் முன்கூட்டியே தரும் பொது அனுமதி) என்றால் என்ன என்பதை அதில் தமிழில் விளக்கி, கையொப்பம் வாங்கிவிடுங்கள். என் அனுபவத்தில், கேட்டவர்களில் மறுத்தவர்கள் மிகக் குறைவு. முப்பது ஆண்டுக்கு முன் எழுதியதை ஒருவர் தேடி வந்து கேட்கிறார் என்பதே பலருக்குக் கண் கலங்கும் மகிழ்ச்சி. தனியார் பதிப்பகங்களின் இதழ்களில் வந்த கட்டுரைகளில், பதிப்பகம் வடிவமைத்த பக்கங்களை ஏற்றக் கூடாவிட்டாலும் ஆசிரியரின் ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியை ஏற்றப் பல இதழ்கள் இசைகின்றன. எந்த இதழ் எதற்கு இசைகிறது என்பதைக் காட்டும் பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது; முன்பு ஷெர்பா ரோமியோ எனப்பட்டது, இப்போது ஓபன் பாலிசி ஃபைண்டர். உரிமையாளர் யாரென்றே கண்டுபிடிக்க முடியாதவற்றுக்கு ஒரு வழி: வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் அச்சுப் படி இருந்தால், பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 2012-இல் சேர்ந்த பிரிவு இது. சேமிக்கலாம், பொதுவில் ஏற்ற முடியாது. பட்டியலில் பதிவு மட்டும் இருக்கட்டும், படிக்க விரும்புகிறவர் நேரில் வரட்டும்.

உரிமை இருந்தும் திறக்கக் கூடாதவை உண்டு என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கடல் அட்டை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கடற்குதிரையும் அப்படியே. ஓர் ஆய்வேட்டில் அட்டைகள் அடர்ந்து கிடக்கும் இடத்தின் துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தால், அதைத் திறந்து வைப்பது கள்ளத்தனமாக எடுப்பவர்களுக்கு வழி காட்டுவதாகும். அத்தகைய பக்கங்களில் இடத்தைத் தீவுக் கூட்டம் என்ற அளவில் மட்டும் காட்டி, முழு விவரத்தை ஆய்வாளருக்குக் கேட்டுத் தரும்படி வையுங்கள். இன்னொன்று மீனவர்களின் சொந்த அறிவு. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மாதம் என்ன மீன் நிற்கும் என்பது ஒரு குடும்பத்தின் முதலீடு. கோபுரத்தையும் பனந்தோப்பையும் நேர்கோட்டில் வைத்து இடம் பார்க்கும் முறையை முதியவர் ஒருவர் நம்பிக்கையோடு சொல்லும்போது, அதை இணையத்தில் ஏற்றலாமா என்று தனியே கேட்டு, வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். திறந்த அணுகல் என்ற கொள்கை, பொதுப் பணத்தில் விளைந்த அறிவு பொதுமக்களுக்கு வர வேண்டும் என்பதிலிருந்து பிறந்தது. கடலில் தன் உயிரைப் பணயம் வைத்து ஒருவர் சேர்த்த அறிவுக்கு அந்தக் கொள்கையைக் காட்டி உரிமை கோர முடியாது.

மென்பொருளைப் பொறுத்தவரை, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2000-இல் பிறந்த இபிரிண்ட்ஸ், 2002-இல் வந்த டிஸ்பேஸ், நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான கிரீன்ஸ்டோன் ஆகிய மூன்றுமே கட்டற்றவை, போதுமானவை. நான் டிஸ்பேஸைத் தேர்வேன். காரணம், உங்களுக்குப் பக்கத்திலுள்ள பல்கலைக்கழக நூலகங்களில் அதைத் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள், பழுதானால் கூப்பிட்டுக் கேட்க ஆள் இருக்கும். நிறுவிய பின் தமிழ் எழுத்து வரிசைப்படுத்தலும் தேடலும் சரியாக வருகிறதா என்று சோதியுங்கள். ‘இராமேஸ்வரம்’, ‘ராமேஸ்வரம்’, ‘இராமேசுவரம்’ மூன்றும் ஒரே விடையைத் தர வேண்டும். படிகளை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். 1964 டிசம்பரில் ஓர் இரவில் தனுஷ்கோடி என்ற ஊரே போன கரை இது. ஒரு படி கல்லூரியில், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே வேறொரு நூலகத்தில், ஒன்று இணைய வழங்கியில் என மூன்று இடங்களில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை கோப்புகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

யார் படிப்பார்கள் என்று கேட்டீர்கள். ஆய்விதழ்களைப் படிக்க அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்து, மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன் பயன் அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு ஆய்வுக்கூடங்களிலும் இருப்பவர்களுக்கே. பட்டம் முடித்து வெளியே வந்த மாணவர், ஊராட்சித் தலைவர், மீனவர் சங்கச் செயலாளர், உள்ளூர்ச் செய்தியாளர் ஆகியோருக்கு அந்தக் கதவு இல்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை ஏன், எந்த மீனின் இனப்பெருக்கக் காலத்தை வைத்து என்று ஒரு சங்கம் கேட்கும்போது, அதற்கான ஆய்வுகளை அவர்களே எடுத்துப் படித்து, ஒப்புக்கொள்ளவோ எதிர்வாதம் வைக்கவோ முடிய வேண்டும். கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு வருமானம் தந்த கதையும், அது குருசடைப் பகுதியின் பவளப்பாறைகள் மேல் படர்ந்ததாக 2008-இல் வெளிவந்த ஆய்வும் ஒரே தேடலில் அடுத்தடுத்து வர வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சேர்க்கும் நூலகம் பிரச்சார அலமாரியாகிவிடும். படிக்க வராதவர்களையும் மறக்க வேண்டாம். பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை சமுதாய வானொலி போன்றவற்றோடு பேசி, வாரம் ஒரு தமிழ்ச் சுருக்கத்தை வாசிக்கச் செய்யலாம். நீரிணைக்கு அப்பால், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்தின் அனுபவத்தைக் கேட்டறியுங்கள். தன்னார்வலர்களை வைத்தே இத்தனை ஆண்டுகள் எப்படி நிலைத்தார்கள் என்பதில் நமக்குக் கற்க நிறைய உண்டு, அந்தக் கரையின் மீன்பிடி ஆவணங்களும் நம் கடலைப் பற்றியவையே.

தொடக்கத்துக்கு ஐம்பது ஆவணங்கள் போதும். பொதுவுடைமையான சங்கு, முத்துக்குளிப்பு அறிக்கைகளில் பத்து, உங்கள் கல்லூரி மாணவர்களின் திட்டக் கட்டுரைகளில் முப்பது, கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்து பத்து என்று எடுத்து, மேலே சொன்ன எல்லாக் கூறுகளோடும் முழுமையாகப் பதியுங்கள். பிறகு கைப்பேசியோடு நான்கைந்து பேரை, அவர்களில் ஒருவராவது கரைவலை இழுப்பவராகவும் ஒருவர் பாசி எடுப்பவராகவும் இருக்கும்படி அழைத்துவந்து, அவர்களுக்குத் தோன்றியதைத் தட்டித் தேடச் சொல்லுங்கள். அவர்கள் தட்டி, விடை வராமல் போன ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொற்கள் பெயர்த் தாளில் ஏறும் வரை ஐம்பத்தோராவது ஆவணத்தைத் தொட வேண்டாம். மண்டபம் முதல் ஏர்வாடி வரையிலான மீன், பாசிப் பெயர்களை ஊர் வாரியாக நான் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், படியெடுத்துத் தருகிறேன். தொண்டி, தேவிபட்டினம், மோர்ப்பண்ணைப் பக்கத்துப் பெயர்கள் அதில் இல்லை. அவற்றை உங்கள் மாணவர்கள்தான் கரைக்குப் போய்க் கேட்டு எழுத வேண்டும்.